புதுப்பிப்பு: நெட்டில் விழுந்துகொண்டிருந்த என் டென்னிஸ் சர்வ்

முதல் சர்வ் பாதிக்கு மேல் நெட்டில் விழுகிறது, தோளும் வலிக்கிறது என்று ஆறு வாரம் முன்பு எழுதியிருந்தேன். கையை இன்னும் வேகமாக வீசச் சொன்னார்கள் சிலர். கோளாறு அங்கே இல்லை.

போனைப் பக்கவாட்டில் வைத்து ஸ்லோமோஷனில் எடுத்துப் பார்த்தேன். பந்தைத் தூக்கிப் போட்டதுமே இடது கை சடாரென்று கீழே இறங்குகிறது. கூடவே இடது தோளும் சரிந்து, மார்பு முன்கூட்டியே நெட் பக்கம் திரும்பிவிடுகிறது. பந்தில் படும்போது முழங்கை மடங்கியே இருக்கிறது. பாரம் முழுக்கத் தோள்மூட்டில்!

இப்போது பந்து உச்சியைத் தொடும்வரை இடது கையை இறக்குவதில்லை. மடக்கிய முழங்கால் நிமிரத் தொடங்கிய பிறகுதான் ராக்கெட் மேலே ஏறுகிறது. பிடி கான்டினென்டல்தான், சுத்தியலைப் பிடிப்பதுபோல. முன்கை வெளிப்பக்கமாகத் திரும்ப அதுதான் இடம் கொடுக்கிறது.

நெட் நடுவில் 91.4 செ.மீ., கம்பத்தருகே 107 செ.மீ. அதனால் நடுக்கோட்டை ஒட்டியே அடித்துப் பழகுகிறேன். நேற்று 40 சர்வில் 26 உள்ளே விழுந்தன. அவ்வளவு சந்தோஷம்! தோள்வலியும் விட்டுவிட்டது.

அப்புறம், கிக் சர்வ் (சுழன்று விழுந்து உயரத் துள்ளும் சர்வ்) இன்னும் வரவில்லை. அதற்காகப் பந்தைத் தலைக்கு நேர்மேலே தூக்கிப் போட்டுப் பார்க்கிறேன்.