ஷோரூம் சர்வீசுக்குப் பிறகு பிரேக் கத்துகிறது, ஆயில் சொட்டுகிறது: சேறடிக்க இறக்கலாமா?

கோரையாற்றங்கரை (மன்னார்குடி பக்கம்) எழுதியது:

டிராக்டர் வைத்திருப்பவர்கள், பட்டறை வேலை தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். கார்க்காரர்களும் சொல்லலாம், ஷோரூம் எல்லாருக்கும் ஒரே ஷோரூம்தான்.

45 எச்பி வண்டி, ஆயில் பிரேக். இன்னும் வாரண்டியில் இருக்கிறது. சொந்த நிலம் ஒரு வேலி (ஆறரை ஏக்கர் சொச்சம்). அது போக அக்கம்பக்கத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கும் ஓட்டுகிறேன். ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்று உறுதியானதும் ஷோரூமுக்கு போன் போட்டேன். 250 மணிக்கு ஒரு தடவை எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டும், மீட்டரில் அது நெருங்கிவிட்டது. ஆற்றில் தண்ணீர் வந்து கேஜ் வீல் (சேற்றில் ஓட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிவிட்டால் அப்புறம் வண்டி வயலை விட்டு ஏறாது. வீட்டுக்கே ஆள் அனுப்புகிறோம் என்றார்கள், சந்தோஷமாக இருந்தது.

பைக்கில் ஒரு பையன் வந்தான். நான் நாற்றங்காலில் நின்றேன், வீட்டில் அப்பாதான். அவர் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவரை சொல்கிறேன். வந்ததும் வண்டியை ஸ்டார்ட்கூடச் செய்யாமல் போல்ட்டைக் கழற்றி வடித்தானாம். பிறகு 7.5 லிட்டர் கேனைத் திறந்து கடைசிச் சொட்டு வரை கவிழ்த்தானாம். "பின்னாடி கியர் ஆயில் குறையுது தாத்தா" என்று சொல்லி, சீட்டு எதுவும் ஒட்டாத ஒரு வெள்ளைக் கேனிலிருந்து பின்பக்கமும் ஊற்றினானாம். பில்லில் அது "டிரான்ஸ்மிஷன் ஆயில் 5 லிட்டர்" என்று வந்திருக்கிறது. கிரீஸ் அடித்ததற்கும் காசு போட்டிருக்கிறார்கள். முன் அச்சில் நிப்பிள் மேல் காய்ந்த சேறு அப்படியே இருக்கிறது. அதன் வழியே எப்படி கிரீஸ் போனது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலையில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எடுப்பதற்கு முன்னால் ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியை உருவி பழைய பனியன் துணியில் துடைத்து, மறுபடி முழுக்க விட்டு எடுத்தேன். இரண்டு கோட்டுக்கு நடுவே நிற்க வேண்டிய ஆயில் மேல்கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை ஏறி நிற்கிறது. நிறமெல்லாம் புது ஆயில்தான், குறை சொல்ல முடியாது. அப்புறம் கீழே குனிந்து பார்த்தால் ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டில் சொட்டு. வாசரைக்கூட மாற்றவில்லை, பழைய செம்பு வாசரையே ஒரு ஓரம் நசுங்கியிருக்கும்படி முறுக்கிவிட்டிருக்கிறான். அன்று ராத்திரி அடியில் ஒரு கொட்டாங்கச்சி வைத்தேன், விடிந்தபோது அரைக் கொட்டாங்கச்சி ஆயில்.

இதைவிடப் பெரிய கவலை பிரேக். மிதித்தால் பின்னால் கர்ரென்று கத்துகிறது, வண்டி நடுங்கி நிற்கிறது. லிஃப்ட்டும் ரோட்டவேட்டரைத் தூக்க முன்னைவிட நேரம் எடுக்கிறது. போன் செய்தால் "புது ஆயில் சார், நாலு மணி நேரம் ஓட்டினா செட் ஆயிடும்" என்கிறார் சர்வீஸ் அட்வைசர்.

கேட்க வேண்டியது இதுதான்: இப்படியே சேற்றில் இறக்கினால் என்ன ஆகும்? உள்ளூர்ப் பட்டறையில் கை வைத்தால் வாரண்டி போய்விடுமா? கெட்டுப்போன ஆயிலுக்கு யார் காசு கொடுப்பது?

---

பட்டறைக்காரன் (நீடாமங்கலம்) பதில்:

தம்பி, இறக்காதீர்கள். எதுவும் தானாகச் செட் ஆகாது.

எஞ்சினில் நடந்தது எனக்குப் புரிகிறது. புத்தகத்தை எடுத்து உங்கள் வண்டிக்கு ஃபில்டரோடு சேர்த்து எத்தனை லிட்டர் என்று பாருங்கள். ஆறரை, ஏழு என்று இருந்தால் கதை முடிந்தது. கடையில் கிடைப்பது 7.5 லிட்டர் கேன், மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுபோகப் பையனுக்கு மனம் வராது. அதோடு ஆறிப்போன எஞ்சினில் வடித்திருக்கிறான். பத்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்கி வடித்தால் அழுக்கும் சேர்ந்து இறங்கும். ஆறியிருந்தால் பழசு கொஞ்சம் உள்ளேயே தங்கும். அதன் தலையில் இது.

அதிகம் இருந்தால் என்ன கெடுதி என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மட்டம் ஏறினால் கிராங்க் ஷாஃப்ட் சுற்றும்போது ஆயிலில் அடிபடும். ஆயில் நுரைத்துவிடும். நுரையைப் பம்ப் சரியாகத் தள்ளாது, பிரஷர் குறையும், சூடு ஏறும். பிரீதர் (எஞ்சின் மூச்சுவிடும் குழாய்) வழியாகப் புகை வரும், பலவீனமான சீல் இருந்தால் அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். கோடு வரை வடித்துவிட்டால் போதும், இதுவரை பெரிதாகக் கெட்டிருக்காது.

பின்பக்கம்தான் விஷயம். உங்கள் வண்டியில் கியர், லிஃப்ட், பிரேக் மூன்றும் ஒரே தொட்டி ஆயிலில் ஓடுகின்றன. பிரேக் தட்டுகள் அந்த ஆயிலுக்குள்ளேயே முங்கிக் கிடக்கும். அதற்கென்று தனி ஆயில் உண்டு, யுடிடிஓ என்பார்கள். தட்டு கத்தாமல் பிடிப்பதற்கான மருந்து அதில் கலந்திருக்கும். சாதாரண 90 கியர் ஆயிலில் அது கிடையாது, கனமும் ஜாஸ்தி. அதை ஊற்றினால் முதலில் பிரேக் கத்தும், அப்புறம் லிஃப்ட் சோம்பும். நீங்கள் சொன்ன இரண்டுமே அதுதான்.

இப்போதே செய்ய வேண்டியது: வெள்ளைத் தண்ணீர் பாட்டிலில் பின்பக்க ஆயிலைக் கொஞ்சம் பிடித்து ராத்திரி முழுக்க அசையாமல் வையுங்கள். மோர் மாதிரி வெளுத்திருந்தாலோ அடியில் தண்ணீர் தனியாக நின்றாலோ சீல் வழியாகச் சேற்றுத் தண்ணீர் போயிருக்கிறது, அது வேறு கணக்கு. ஷோரூம்காரர்கள் முதலில் அதைத்தான் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். தெளிவாக இருந்தால் பாட்டிலைப் பத்திரமாக வையுங்கள். மாடலைப் பொறுத்து அந்தத் தொட்டி 30 லிட்டரிலிருந்து 60 லிட்டர் வரை பிடிக்கும், மொத்தத்தையும் வடித்து மாற்ற வேண்டும், ஃபில்டரும் சேர்த்து. அந்தச் செலவை உங்கள் தலையில் கட்ட விடாதீர்கள்.

எங்கள் பட்டறைக்கு வேண்டாம். எனக்கு வேலை வேண்டாம் என்று இல்லை, நான் போல்ட்டைத் தொட்டுவிட்டால் அவர்கள் கையைக் கழுவிவிடுவார்கள்.

---

கும்பகோணம் டீசல் பதில்:

நான் கார்க்காரன். பிஎஸ்6 டீசல், டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர்) உள்ள வண்டி. இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைவாக வரும் ஆயில்தான் ஊற்ற வேண்டும், சி3 தரம் என்று புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது. வேறு ஆயில் ஊற்றினால் அதன் சாம்பல் டிபிஎஃபில் படிந்து அடைக்கும். புகைக்கரியாவது நெடுஞ்சாலையில் விரட்டினால் எரிந்து போகும், சாம்பல் எதற்கும் போகாது.

எனக்கு பில்லில் அந்த ஆயில் பெயர்தான் இருந்தது. வண்டியில் என்ன இருந்தது என்பது கடவுளுக்கும் அந்தப் பையனுக்கும்தான் தெரியும். ஏனென்றால் சர்வீசுக்கு விட்டால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்து காபி கொடுத்துவிடுகிறார்கள். திரும்பி வரும்போது பாபநாசம் தாண்டியதும் அடியில் தடதடவென்று சத்தம். ஓரங்கட்டிப் பார்த்தால் எஞ்சினுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் பாதி கிளிப்பைக் காணோம், தொங்குகிறது. நூல் கயிறு கட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

இப்போதெல்லாம் முத்திரை உடையாத கேனை என் கண்முன்னால் திறக்கச் சொல்கிறேன். காலிக் கேனை நானே எடுத்து வந்துவிடுகிறேன். முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும்.

---

பழைய அட்வைசர் (திருவாரூர்) பதில்:

நான் டிராக்டர் ஷோரூமில் சர்வீஸ் அட்வைசராக இருந்தவன், இப்போது இல்லை. அதனால் இரண்டு பக்கமும் பேசலாம்.

பேரலிலிருந்து அளந்து ஊற்றினாலே அது கள்ள ஆயில் என்று நினைக்க வேண்டாம், கும்பகோணம் நண்பரே. பெரிய ஷோரூம்களில் கம்பெனி பேரலே வரும், மீட்டர் வைத்துத்தான் இறக்குவார்கள். ஆனால் சீட்டு இல்லாத வெள்ளைக் கேனுக்கு என்னால் சப்பைக்கட்டு கட்ட முடியாது. அது பேரலிலிருந்து பிடித்து வந்ததாகவே இருக்கலாம், எந்தப் பேரல் என்பதுதான் கேள்வி. அங்கே 90 பேரலும் யுடிடிஓ பேரலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். சீசன் நேரத்தில் ஒரு பையன் கையில் காலை முதல் ராத்திரி வரை ஊர் ஊராக வேலை இருக்கும். நான் இருந்த இடத்தில் பாதிப் பேர் ஐடிஐ முடித்துப் பயிற்சிக்கு வந்தவர்கள். அனுப்பியவன்தான் பொறுப்பு, அவனல்ல.

வாங்கியவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஃப்ரீ சர்வீஸ் என்றால் பெரும்பாலும் கூலி மட்டும்தான் இலவசம். ஆயில், ஃபில்டர் உங்கள் காசு. அப்படி இருக்கும்போது மிச்சமான ஆயிலும் உங்களுடையதுதான், கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். அப்புறம் மணிக்கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். நம் பக்கம் வண்டி குறுவை, தாளடி என்று ஓடும், நடுவில் மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும். மணி வராவிட்டாலும் புத்தகத்தில் சொன்ன மாதம் வந்துவிட்டால் மாற்ற வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசி ஒன்றும் ஆகாது. வண்டியை ஷோரூமுக்கே கொண்டு போய் ஜாப் கார்டு (என்ன குறை, என்ன வேலை என்று எழுதும் சீட்டு) போடச் சொல்லுங்கள். "பிரேக் சத்தம், சர்வீசுக்குப் பிறகு" என்ற வார்த்தைகளை உங்கள் கண்முன் எழுத வையுங்கள். "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த ஒரு வரியை வைத்துத்தான் பின்னால் எல்லாம் நடக்கும். டீலர் இழுத்தால் கம்பெனியின் ஏரியா சர்வீஸ் ஆள் யார் என்று கேளுங்கள். அவருக்குத் தகவல் போகும் என்றாலே பாதி வேலை முடிந்துவிடும்.

---

ஓய்வூதியர் (மயிலாடுதுறை) பதில்:

யார் காசு கொடுப்பது என்ற கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். புகார் பதிவு செய்தால் கம்பெனிக்கே போகும், பல சமயம் அதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், உங்களுக்குத் திருவாரூர். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை.

வாடகைக்கும் ஓட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு "வணிக நோக்கம், இவர் நுகர்வோரே அல்ல" என்று எதிர்த்தரப்பு வாதாடும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே பயன்படுத்தினால் அது வணிக நோக்கத்தில் சேராது என்று சட்டத்திலேயே இருக்கிறது. முதல் கடிதத்திலேயே அதை எழுதிவிடுங்கள். பில், ஜாப் கார்டு, அந்தக் கொட்டாங்கச்சிப் படம் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

---

கோரையாற்றங்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பாட்டிலில் தண்ணீர் இல்லை, ஆயில் தெளிவாகத்தான் நின்றது. புத்தகத்தில் எஞ்சினுக்கு ஃபில்டரோடு ஆறரை லிட்டர், பட்டறை அண்ணன் சொன்னபடியே. வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு பாட்டிலோடு ஷோரூமுக்குப் போனேன். மேனேஜர் எடுத்த எடுப்பிலேயே "கேஜ் வீல் ஓட்டுறீங்க, தண்ணி போயிருக்கும்" என்றார். பாட்டிலை மேஜை மேல் வைத்தேன். இந்த வருஷம் கேஜ் வீல் இன்னும் மாட்டவே இல்லை, கொட்டகையில் கிடக்கிறது என்று படத்தையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. ஜாப் கார்டில் முதலில் "ஜெனரல் செக்கப்" என்றுதான் எழுதினார்கள்! அடித்து மாற்றச் சொன்னேன். ஏரியா ஆள் பெயரைக் கேட்டதும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, மொத்த ஆயிலும் மாற்றித் தருகிறோம், காசு வேண்டாம் என்றார்கள்.

மாற்றும்போது பக்கத்திலேயே நின்றேன். கேன் ஒவ்வொன்றாகத் திறந்தது, எஞ்சினில் கோடு வரை வடித்தது எல்லாம் பார்த்தேன். திரும்பும்போது முதல் வளைவிலேயே பிரேக்கை மிதித்துப் பார்த்தேன், சத்தம் இல்லை. லிஃப்ட்டும் சரி. சேறடி முடிந்து நடவும் ஆகிவிட்டது.

டிரெயின் போல்ட்தான் தீரவில்லை. வாசர் புதிது போட்டும் கசிந்தது. பார்த்தால் சம்ப்பில் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) மரை போயிருக்கிறது, அந்தப் பையன் முறுக்கிய முறுக்கு. ஒரு சைஸ் பெரிய போல்ட்டை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இப்போது சொட்டவில்லை. இப்படியே விடலாமா அண்ணே?

---

பட்டறைக்காரன் (நீடாமங்கலம்) பதில்:

இப்போதைக்கு ஓடும். ஆனால் அந்த போல்ட் தன் மரையைத் தானே வெட்டிக்கொண்டு ஏறியிருக்கிறது, ஆயில் மாற்றும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். வெட்டிய தூள் சம்ப்புக்குள் விழுந்திருக்கவும் கூடும். குறுவை அறுப்புக்கும் தாளடி உழவுக்கும் நடுவில் வண்டி நிற்குமே, அப்போது சம்ப்பைக் கழற்றிக் கழுவி, லேத்தில் கொடுத்து ஓட்டையைப் பெரிதாக்கி உள்ளே புது மரை இறக்கச் சொல்லுங்கள், பழைய சைஸ் போல்ட்டே உட்காரும். சம்ப் கேஸ்கெட்டும் புதிது போட வேண்டும். வாரண்டி முடிவதற்குள் அவர்களையே செய்ய வையுங்கள், அதற்கும் தனி ஜாப் கார்டு.