பொருள்: ‘இரைப்பைவழித் தோல்நோய்’ – இந்தச் சொல் சரியா?

குழுவினருக்கு வணக்கம்.

மும்பையின் தாராவி, சயான் கோலிவாடா பகுதித் தமிழர்களுக்கான துண்டறிக்கையில் ஒரு தலைப்பு இடிக்கிறது. ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற இரைப்பைக் கிருமிக்கும் நாள்பட்ட தடிப்பு (அரிப்போடு திட்டுத்திட்டாகத் தோல் வீங்குவது), ரோசேசியா (முகம் சிவந்துபோகும் நோய்) போன்ற தோல் கோளாறுகளுக்கும் இருக்கக்கூடிய தொடர்பை ஒரே தொடரில் சொல்ல வேண்டும். வரைவில் ‘இரைப்பைவழித் தோல்நோய்’ என்று இருக்கிறது. கிருமிக்கும் தமிழில் பெயர் வைக்கலாமா? ஹெலிகோ சுருள், பேக்டர் கோல், பைலோரி என்றால் இரைப்பையின் கடைசி வாயில் (வாசல்). ‘வாயிற்சுருட்கோலி’ எப்படி?

– மொழிபெயர்ப்பாளர், மாட்டுங்கா

---

> ‘இரைப்பைவழித் தோல்நோய்’

‘வழி’ வேண்டவே வேண்டாம். ‘கொசுவழிப் பரவும்’, ‘நீர்வழிப் பரவும்’ என்று படித்துப் பழகியவருக்கு, வயிற்றுக் கிருமி தோலுக்கு ஏறிவிட்டது என்றுதான் தோன்றும். பைலோரி இரைப்பையின் சளிப்படலத்தில் குடியிருப்பது. தோலில் போய்க் குடியேறுவதில்லை. அதை எதிர்க்க உடல் கிளப்பும் அழற்சியும் எதிர்ப்பொருள்களும் (ஆன்டிபாடி) வேறிடத்தில் வினை காட்டலாம் என்பதுதான் கருதுகோள். இன்னும் கருதுகோள்தான்.

அதோடு, ஒரே தலைப்பின் கீழ் மூன்று வேறுபட்ட சங்கதிகளை அடைக்கிறோம்.

ஒன்று, ஐடிபி என்ற நோய். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்து தோலில் ஊதாப் புள்ளிகள் வரும். கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் புள்ளி மறையாது. இது ரத்த நோய், தெரிவது தோலில். இங்கே தொடர்புக்கு வலு உண்டு: கிருமியை ஒழித்தபின் ஒரு பகுதி நோயாளிகளுக்குத் தட்டணுக்கள் ஏறுகின்றன. ஆகவே கிருமிச் சோதனை செய்வது நியாயம்.

இரண்டு, நாள்பட்ட தடிப்பு. ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால்தான் ‘நாள்பட்ட’. ஒவ்வொரு தடிப்பும் 24 மணி நேரத்துக்குள் அடங்கி வேறிடத்தில் கிளம்பும். ஒரே இடத்தில் அதற்கு மேல் நின்று கன்றிய தழும்பு விட்டால் அது ரத்தநாள அழற்சியா என்று பார்க்க வேண்டும். கிருமியை ஒழித்ததும் தடிப்பு குறைந்தது என்ற ஆய்வுகளும் உண்டு, மாற்றமில்லை என்றவையும் உண்டு. நம் நாட்டில் இந்தக் கிருமி மிகப் பரவலானது என்பதையும் மறக்கக் கூடாது. தடிப்புள்ளவரிடம் கிருமி இருப்பது தற்செயலாகவும் இருக்கலாம்.

மூன்றாவது ரோசேசியா. இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கிருமியை ஒழிக்கும் நான்கு மருந்துக் கூட்டில் டெட்ராசைக்ளினும் மெட்ரோனிடசோலும் இருக்கின்றன. அந்த இரண்டு குடும்பங்களும் ரோசேசியாவுக்கே நேரடியாகத் தரப்படுபவை. முகச்சிவப்பு தணிந்தால் கிருமி போனதாலா, மருந்து தோலில் வேலை செய்ததாலா? எப்படிப் பிரிப்பது?

என் யோசனை: ‘இரைப்பைத் தொற்றுசார் தோல் வெளிப்பாடு’. ‘சார்’ காரணம் என்று அடித்துச் சொல்வதில்லை. ‘வெளிப்பாடு’ என்றால் ஐடிபியும் உள்ளே வரும்.

தடிப்புக்குச் சிலர் ‘காணாக்கடி’ எழுதுகிறார்கள். அழகான சொல்தான், ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ கடித்தது என்ற நம்பிக்கை அதற்குள்ளேயே இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் மட்டும் போடலாம்.

– தோல் மருத்துவர், செம்பூர்

---

> ‘வாயிற்சுருட்கோலி’ எப்படி?

நாக்கு சுளுக்கும். 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் மார்ஷல், வாரன் என்ற மருத்துவர்கள் வளர்த்தெடுத்தபோது இதைக் காம்பைலோபேக்டர் என்ற வேறொரு பாக்டீரியா இனம் என்றுதான் நினைத்தார்கள். முதலில் ‘பைலோரிடிஸ்’, லத்தீன் இலக்கணம் பிழை என்று ‘பைலோரி’ ஆக்கினார்கள், 1989இல் இனப்பெயரே மாறி ஹெலிகோபேக்டர் ஆனது. (லத்தீன்காரர்களுக்கும் நம்மைப் போல ஒரு குழு இருந்திருக்கும் போலிருக்கிறது.) மாறக்கூடிய பெயரைப் பதம் பிரித்து மொழிபெயர்த்தால் நாமும் துரத்திக்கொண்டே ஓட வேண்டும். ‘பைலோரி கிருமி’ போதும்.

ஒன்றே ஒன்று: ‘வயிற்றுப் பூச்சி’ என்று எங்கும் வரக்கூடாது. அது குடற்புழு. படித்தவர் நேரே மருந்துக்கடைக்குப் போய் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் வாங்கி விழுங்குவார். பைலோரிக்கு அது எதுவும் செய்யாது.

சோதனைப் பெயர்களிலும் பிழை இருக்கிறது. வரைவில் ரத்தத்துக்கு ‘எதிர்ப்பொருள் சோதனை’, மலத்துக்கு ‘எதிர்ப்பொருளாக்கிச் (ஆன்டிஜென்) சோதனை’. இரண்டெழுத்து வித்தியாசம், பொருளோ நேரெதிர். ரத்தச் சோதனை பழைய தொற்றின் சுவடையும் காட்டும். கிருமி ஒழிந்தபின்னும் மாதக்கணக்கில் பாசிட்டிவாகவே நிற்கும். மலத்தில் பார்ப்பது இப்போது இருக்கும் கிருமியின் புரதம். ‘ரத்தத்தில் சுவடு பார்த்தல்’, ‘மலத்தில் கிருமி பார்த்தல்’ என்றே எழுதலாம்.

‘மூச்சுச் சோதனை’ என்றால் ஆஸ்துமாவுக்கு ஊதும் குழாய் நினைவுக்கு வரும். ‘யூரியா’வை விடாதீர்கள். குறியிட்ட கார்பன் கலந்த யூரியாவைக் குடிக்கக் கொடுத்தால், கிருமியின் யூரியேஸ் நொதி அதை உடைக்கும். அந்தக் கார்பன் மூச்சுக்காற்றில் கரியமில வாயுவாக வரும். சோதனைக்கு முன் பான்டோப்ரசோல் வகை அமிலக் குறைப்பு மாத்திரையை 2 வாரமும், ஆன்டிபயாட்டிக், பிஸ்மத் என்ற வயிற்று மருந்து இரண்டையும் 4 வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி அடங்கிக் கிடக்கும், சோதனை ‘இல்லை’ என்று பொய் சொல்லும். வழக்கமான அரிப்பு மாத்திரையை இதற்காக நிறுத்தத் தேவையில்லை என்பதையும் சேருங்கள். தடிப்புள்ளவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

– நுண்ணுயிரியலர், முலுண்ட்

---

நன்றி டாக்டர், நன்றி ஐயா. தலைப்பை ‘இரைப்பைத் தொற்றுசார் தோல் வெளிப்பாடுகள்’ என்று மாற்றிவிட்டேன். கீழே சிறிய எழுத்தில் ‘வயிற்றுக் கிருமியோடு சேர்ந்து காணப்படும் தோல் மாற்றங்கள்’. சிகிச்சைக்குப் பின் செய்வதை ‘ஒழிப்புச் சோதனை’ என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

– மாட்டுங்கா

---

சரியில்லை அம்மா. சோதனையே கிருமியை ஒழிக்கும் என்று படிக்க இடமிருக்கிறது. ‘ஒழிந்ததா என்று பார்க்கும் சோதனை’ என்று நீட்டியே எழுதுங்கள். பக்கத்திலேயே ‘ஆன்டிபயாட்டிக் முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து’ என்பதும் வரட்டும். இன்னொன்று: கிருமியை ஒழிக்கும் 14 நாள் மருந்தின் நடுவே புதிதாகத் தடிப்பு கிளம்பினால், அந்தக் கூட்டில் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் இருந்தால் அதன் ஒவ்வாமையாக இருக்கலாம், ‘கிருமி சாகும்போது வரும் அரிப்பு’ என்று வரைவில் ஒரு வரி இருக்கிறதே, அதை எடுத்துவிட்டு ‘உடனே மருத்துவரிடம் காட்டவும்’ என்று போடுங்கள்.

– முலுண்ட்