மழைமானித் தரவு ஏற்றும் ஜாப்: தேதியை வெளியிலிருந்து கொடுப்பதா, ஜாப்பே கணக்கிடுவதா?

குந்தா_பாலம்:
நீலகிரியில் அவலாஞ்சி, குந்தா, தேவாலா, குன்னூர், கோத்தகிரி எனப் பல இடங்களில் தானியங்கி மழைமானிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு, ஆக மானிக்கு நாளொன்றுக்கு 96 வரி. ஒரு ஜாப் (தானாக ஓடும் நிரல்) தினமும் ஓடி இவற்றைக் கூட்டித் தினசரி மழை டேபிளில் எழுதும். இந்த மாதிரி ஜாப்களில் தரவை எடுக்கும் க்வெரிக்குள்ளேயே "இன்றைய தேதியில் ஒன்று கழி" என்று எழுதிவிடுகிறார்கள். அது வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. தொடக்க நேரமும் முடிவு நேரமும் பாராமீட்டராக, அதாவது வெளியிலிருந்து தரும் மதிப்பாக, வரட்டும். கடிகாரத்தைப் பார்ப்பது, ஜாப்பை நேரத்துக்குக் கிளப்பும் ஷெட்யூலரின் வேலை.

கோத்தகிரி_ஈடிஎல்:
ஒத்துக்கொள்ள முடியாதுங்க. ஆளில்லாமல் ஓடும் ஜாப்புக்கு அந்த மதிப்பு வந்து சேராத நாள் என்ன ஆகும்? இன்ஃபர்மாட்டிகா என்ற தரவு ஏற்றும் மென்பொருளில், பாராமீட்டர் கோப்பில் பெயரை ஓர் எழுத்து தப்பாக அடித்தால் செஷன் (அதில் ஜாப்பின் ஓட்டம்) அதற்காக நிற்காது. மேப்பிங்கில் (தரவு எப்படிப் போக வேண்டும் என்ற வரையறை) கொடுத்த ஆரம்ப மதிப்பை எடுத்துக்கொள்ளும். அதுவும் இல்லையென்றால் தேதி வகைக்கு 1753 ஜனவரி 1. "இந்தத் தேதிக்குப் பிந்தையது" என்ற ஃபில்டர் மொத்த டேபிளையும் இழுத்து வந்துவிடும், லாக்கில் 'வெற்றி' என்றே இருக்கும். மேப்பிங் வேரியபிள் வைத்தால் கடைசியாக ஏற்றிய நேரத்தை அதுவே வைத்துக்கொள்கிறது, செஷன் நல்லபடியாக முடிந்தால்தான் ரெப்பாசிட்டரியில் (மென்பொருளின் சொந்தச் சேமிப்பு) சேமிக்கிறது.

குந்தா_பாலம்:
வேரியபிளிலும் பொறி உண்டு சார். பாராமீட்டர் கோப்பில் அதே பெயருக்கு மதிப்பு இருந்தால் முதலிடம் கோப்புக்குத்தான், ரெப்பாசிட்டரியில் சேமித்தது அப்புறம்தான். பழைய மாதத்தை மறுபடி ஏற்றக் கோப்பில் ஒரு வரி சேர்த்து, எடுக்க மறந்தால் போச்சு. ஒவ்வொரு இரவும் அதே பழைய தேதியிலிருந்துதான் கிளம்பும்.

மதிப்பு வராத நாளுக்கு மருந்து, இயல்பு மதிப்பே வைக்காமல் இருப்பது. முதல் படியிலேயே சோதியுங்கள்: பாராமீட்டர் காலியா, தொடக்கம் முடிவுக்குப் பிந்தியதா, இடைவெளி 7 நாளைத் தாண்டுகிறதா? ஒன்று தவறினாலும் பிழைக் குறியோடு வெளியேறட்டும்.

ஆடி மழையில் மரம் விழுந்து மூன்று நாள் கரண்ட் இல்லை என்றால் நிலைமையைப் பாருங்கள். லினக்ஸின் ஷெட்யூலரான க்ரான், தவறிய ஓட்டத்தைத் திரும்ப ஓட்டாது. அதே வேலைக்கான சிஸ்டம்டி டைமரில் பெர்சிஸ்டென்ட் (தவறியதைப் பிறகு ஓட்டும் அமைப்பு) போட்டிருந்தாலும் தவறிய மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஓட்டம். "நேற்று" என்று உள்ளே கணக்கிடும் ஜாப் கடைசி நாளை மட்டும் ஏற்றும், முந்தைய இரண்டு நாள் காணாமல் போகும்.

கோத்தகிரி_ஈடிஎல்:
அது "நேற்று" போடுகிறவர்களுக்கான பதில், எனக்கல்ல. விட்ட இடத்திலிருந்து தொடங்கும் ஜாப் அந்த ஒரே ஓட்டத்தில் மூன்று நாளையும் எடுத்துவிடும்.

பந்தலூர்_மழை:
இரண்டு பேரும் 'நாள்' எது என்று சொல்லாமலே பேசுகிறீர்கள். இந்திய வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. யூடிசியில் (உலகப் பொது நேரம்) அது 03.00. 2019 ஆகஸ்ட் 8 என்று அவலாஞ்சிக்குப் பதிவான 82 செ.மீ., 7ஆம் தேதி காலை 8.30 முதல் 8ஆம் தேதி காலை 8.30 வரை பெய்த மழை. நள்ளிரவில் வெட்டினால் அது இரண்டு தேதிக்குப் பிரிந்துபோகும், துறையின் எண்ணோடு ஒருபோதும் ஒத்துவராது. சர்வர் யூடிசியில் இருந்தால் இன்னும் மோசம், அதன் "இன்று" நமக்கு விடிகாலை 5.30க்குத்தான் பிறக்கும். அதனால் வெறும் தேதி போதாது, நேர வித்தியாசம் +05:30 சேர்த்தே இரண்டு நேரத்தையும் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. மானி எழுதும் நேரம் அந்த 15 நிமிடத்தின் முடிவு நேரமாக இருந்தால், 8.30 பதிவில் இருப்பது 8.15 முதல் 8.30 வரை பெய்தது. அது முடிகிற நாளுக்குச் சொந்தம். ஆகவே தொடக்கத்தைவிடப் பெரியது, முடிவுக்குச் சமம் அல்லது சிறியது என்றுதான் நிபந்தனை. க்வெரியில் பிட்வீன் (இதிலிருந்து இதுவரை) போட்டால் இரு முனையும் சேரும். ஒரு மானிக்கு 97 வரி வருகிறதென்றால் காரணம் இதுதான்.

கோத்தகிரி_ஈடிஎல்:
8.30 விஷயம் சரி, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் குந்தா பக்கம் சிக்னல் போனால் மானி பதிவைத் தன்னிடமே சேர்த்துவைத்து, இரண்டு நாள் கழித்து அனுப்பும். அந்த நாளுக்கான ஓட்டம் அதற்குள் முடிந்திருக்கும். பெய்த நேரத்தை வைத்து வெட்டும் உங்கள் பாராமீட்டர் அதைத் திரும்பிப் பார்க்குமா? வந்து சேர்ந்த நேரத்தை வைத்து நினைவில் கொள்ளும் என் முறைக்கு அது தப்பாது.

குந்தா_பாலம்:
இது நியாயமான அடி. வந்து சேர்ந்த நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஏற்றும் ஜாப்புக்குள் வேண்டாம். முன்னால் ஒரு சின்னப் படி: கடந்த முறைக்குப் பின் வந்த வரிகள் எந்தெந்த மழை நாளைத் தொடுகின்றன என்று எடுத்து, நாளுக்கு ஒரு ஓட்டமாக அதே ஜாப்பைப் பாராமீட்டரோடு கூப்பிடட்டும். 12 நாள் தாமதமாக வந்த வரிக்கும் ஓட்டம் ஒரு நாளுடையதுதான், 7 நாள் வரம்பில் முட்டாது.

ஜாப்புக்குள் அந்த நாளின் வரிகளை அழித்து, மறுபடி எழுதி, இரண்டையும் ஒரே டிரான்சாக்ஷனில் (முழுதும் நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது) முடிக்க வேண்டும். அப்போது பத்து முறை ஓட்டினாலும் மழை இரட்டிக்காது. கடந்த முறை எதுவரை எடுத்தோம் என்ற நினைவு நேரத்தையும் 10 நிமிடம் பின்னால் தள்ளியே வையுங்கள். இல்லையென்றால், முந்தைய நேரமுத்திரையோடு வந்து பிந்தி கமிட் ஆகும் (டேபிளில் உறுதியாகப் பதிவாகும்) வரி விடுபட்டுவிடும்.

கோத்தகிரி_ஈடிஎல்:
நினைவு தனிப் படியில், ஏற்றம் பாராமீட்டரில் என்றால் எனக்குச் சம்மதம். ஒரு நிபந்தனை: ஒவ்வொரு ஓட்டத்துக்கும் என்ன தொடக்கம், என்ன முடிவு, எத்தனை வரி என்று தனி டேபிளில் எழுதியாக வேண்டும். 96க்குக் குறைந்த மானியைக் காலையில் அதில்தான் தேட முடியும்.

பந்தலூர்_மழை:
க்ரானின் அட்டவணைக் கோப்பான க்ரான்டேப் வரியிலேயே டேட் கட்டளை போட்டுத் தேதி அனுப்புகிறவர்கள் கவனிக்க: அங்கே சதவீதக் குறி வந்தால் க்ரான் அதைப் புது வரியாக எடுத்துக்கொண்டு, கட்டளையை அங்கேயே வெட்டிவிடும். டெர்மினலில் ஓடுகிறது, இரவில் ஓடவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள். குறிக்கு முன் ஒரு பின்சாய்வுக் கோடு போட வேண்டும், அல்லது தேதி எடுப்பதைத் தனி ஸ்கிரிப்டுக்குள் வைத்துவிடுங்கள்.