காவிரிக் கரையில் நான்கு நாட்கள்

கர்த்தருக்குள் அன்பான அனைவருக்கும் ஸ்தோத்திரம். உலகக் கவலைகளை ஒதுக்கி வைத்துத் தேவ சத்தத்திற்குக் காத்திருந்த அனுபவங்களை இங்கே பலர் எழுதியிருப்பதைப் படித்தபின், என்னுடையதையும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

திருநெல்வேலிப் பக்கத்தில், பல சபைகள் சேர்ந்த சேகரம் ஒன்றில் பதினோரு ஆண்டுகள் செயலராக இருந்தவன் நான். குடி, சீட்டு போன்றவை எங்கள் வீட்டு வாசலை மிதித்ததில்லை. ஆகவே பிரசங்கத்தில் உலகக் கவர்ச்சி என்ற சொல் வரும்போதெல்லாம், அது பின்வரிசையில் இருக்கும் வேறு யாருக்கோ சொல்லப்படுவதாகவே எண்ணிக்கொள்வேன். என் மனத்தை அள்ளிக்கொண்டு போனவை யாவும் ஆலயத்திற்குள்ளேயே இருந்தன. அசனம் என்னும் ஆலயப் பொதுவிருந்துக்கு எத்தனை மூட்டை அரிசி, கோபுரத்திற்கு வெள்ளையடிக்க யாரிடம் கேட்பது, கமிட்டியில் யார் யாருக்கு எதிராகப் பேசினார்கள் என்பவற்றையே அதிகாலையில் முழங்காற்படியிட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். "ஆண்டவரே, இதை நடத்தித் தாரும், அதைத் தடுத்து நிறுத்தும்" என்று இருபது நிமிடம் பேசிவிட்டு, ஆமென் சொல்லி எழுந்துவிடுவேன். வேலைகளில் பரபரத்த மார்த்தாள், இயேசுவின் பாதத்தருகே அமர்ந்து கேட்ட மரியாள் என்ற சகோதரிகளின் பகுதியை வேதபாட வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அதைப் பெண்களுக்கான பாடமாகவே நடத்தினேன் என்பதை இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் லெந்து என்னும் தவக்கால நாட்களில், எங்கள் சபைப் போதகரான ஐயரவர்கள் என்னை நான்கு நாட்கள் எங்காவது அமைதியாக இருந்துவிட்டு வரும்படி வற்புறுத்தினார். குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் இருக்கும் சாந்திவனத்தை அவரே சொன்னார். 1950-இல் மொன்ஷானின், லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் தொடங்கி, 1968 முதல் பீட் கிரிஃபித்ஸ் அடிகளார் வளர்த்தெடுத்த கத்தோலிக்க ஆசிரமம் அது. அங்கே காலை ஜெபத்தில் சந்தனமும், நண்பகலில் குங்குமமும், மாலையில் திருநீறும் கொடுப்பதைக் கண்டபோது, எங்கள் சபை வழக்கத்தில் வளர்ந்த எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் எடுத்துக்கொள்ளவில்லை, ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை. தரையில் அமர்ந்து மௌனமாகச் சாப்பிடுவதும், சூரியன் எழும் வேளையிலும் சாயும் வேளையிலும் தியானத்தில் அமர்வதும் மட்டுமே எனக்குப் போதுமானவையாக இருந்தன.

முதல் இரண்டு நாட்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. கைப்பேசியை அணைத்துப் பெட்டிக்குள் வைத்திருந்தும், கை அடிக்கடி சட்டைப் பையைத் தடவிப் பார்த்தது. கண்ணை மூடினால் கணக்குப் புத்தகமே வந்தது. எதையாவது வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்ற பழக்கம் அவ்வளவு வலுவாக இருந்ததால், "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்" என்ற சங்கீத வசனத்தைக்கூட நான் ஒரு கோரிக்கையாக மாற்றி, "என்னை அமரப்பண்ணும்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மாலையில் மணல் மேல் உட்கார்ந்திருந்தேன். ஆற்றில் மணலே அதிகம். நடுவில் வாய்க்கால் அளவுக்கு நீர் ஓடியது. கேட்பதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லாமல் போயிருந்த அந்த நேரத்தில், ஒரு மஞ்சள் பை நினைவுக்கு வந்தது. எங்கள் ஆலயத்தில் தூண் ஓரமாகப் பாயில் உட்காரும் ஆச்சி ஒருவருடையது அந்தப் பை. முதியோர் உதவித்தொகைக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லி, ரேஷன் அட்டை நகலையும் ஆதார் நகலையும் அதற்குள் வைத்துக்கொண்டு, ஆராதனை முடியும்போதெல்லாம் "தம்பி, நம்ம பேப்பர் என்னாச்சு?" என்று கேட்பார். "அடுத்த வாரம் பார்ப்போம் ஆச்சி" என்று எட்டு மாதங்களாக நான் சொல்லி வந்திருந்தேன். அடிக்கடி மடித்துப் பிரித்ததில் அந்த நகலின் மடிப்பு கிழிந்து, ஒட்டுத்தாள் போட்டிருந்ததுகூடக் கண்முன் தெரிந்தது. காதில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஆனாலும் என்னிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது என்பதை அறிந்தேன், அழுதேன்.

திரும்பி வந்த திங்கட்கிழமையே ஆச்சியை இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போனேன். விண்ணப்பம் பதிவான ரசீதை வாங்கி, பைக்குள் இருந்த வேதாகமத்தின் நடுவே வைத்துக்கொண்டார். இப்போதெல்லாம் காலை ஜெபத்தில் முதல் பத்து நிமிடம் நான் வாய் திறப்பதில்லை. ஒரே ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை: அது ஆண்டவருடைய சத்தமா, என் மனச்சாட்சியா? மற்றவர்கள் இதை எப்படி அறிகிறீர்கள்?

* * *

இயேசுவுக்கே புகழ். ஐயா, உங்கள் கேள்வி என்னையும் வெகுநாள் வாட்டியது. கொடைக்கானல் மலையில் இயேசு சபையினர் நடத்திய எட்டு நாள் மௌன தியானத்திற்குப் போயிருந்தபோது, வழிநடத்திய தந்தையிடம் இதையே கேட்டேன். அவர் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் வாழ்விலிருந்து சொன்னார். 1521-இல் பாம்ப்லோனா போரில் கால் முறிந்து படுத்த படுக்கையாக இருந்த அவர், வீரச்செயல்களைப் பற்றிய கனவுகள் அந்த நேரத்தில் இனித்தாலும் பின்னர் மனத்தை வறட்சியாக விட்டதையும், புனிதர்களின் வழியில் நடப்பதைப் பற்றிய எண்ணங்கள் ஓய்ந்த பின்னும் மகிழ்ச்சி நிலைத்ததையும் கவனித்தாராம். எண்ணம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்வதைவிட, அது உங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள் என்றார் தந்தை. உங்களை அது இ-சேவை மையத்துக்கு அல்லவா கொண்டுபோனது! மனச்சாட்சியும் அவர் நமக்குள் வைத்த செவிதானே, அதை ஏன் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

* * *

இரண்டையும் படித்தேன். கணவர் குவைத்தில் இருப்பதால், கைக்குழந்தையுடன் எனக்கு ஆசிரமமும் மலையும் இப்போதைக்கு இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்குக் கைப்பேசியை அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டு, குழந்தை விழிக்கும்வரை அடுக்களைத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று சாமுவேல் சொன்னதை மட்டும் ஒருமுறை சொல்வேன். இன்று பன்னிரண்டு நிமிடம் கிடைத்தது.