மறுமொழி: லூரியாவின் ‘கைனெட்டிக் மெலடி’க்குத் தமிழ்ச் சொல்

குழுவினருக்கு வணக்கம்.

ரஷ்ய நரம்புளவியலாளர் லூரியாவின் ‘கைனெட்டிக் மெலடி’ (பழகிய அசைவுகள் தடையின்றி ஒரே ஓட்டமாக ஓடுவது) என்பதற்குத் தமிழ்ச் சொல் கேட்ட இந்த இழையில் இதுவரை வந்தவை: இயக்க மெல்லிசை, அசைவுத்தொடர், இயக்க இசைவு, இயக்கப்பண். என் பரிந்துரை ‘இயக்கமெட்டு’. ஏன் என்று சொல்வதற்கு முன், லூரியா எதைப் பார்த்து இந்தப் பெயரை எடுத்தாண்டார் என்று சொல்லிவிடுகிறேன். எந்தச் சொல் நிற்கும், எது நிற்காது என்பது அங்கேதான் தெரிகிறது.

அலெக்சாந்தர் லூரியா 1902இல் கசான் நகரில், ஒரு மருத்துவர் வீட்டில் பிறந்தவர். முதலில் உளவியலுக்குப் போனார். 1924இல் உளவியலாளர் வைகாட்ஸ்கியைச் சந்தித்தார். மருத்துவப் பட்டம் வாங்கியது 1930களில்தான். இரண்டாம் உலகப் போர் வந்ததும், உரால் பகுதியில் கிசெகாச் என்ற இடத்தில் தலையில் காயம்பட்ட படைவீரர்களுக்கான மருத்துவமனை அவர் பொறுப்பில் அமைந்தது. குண்டுச் சிதறல் மூளையில் எங்கே பாய்ந்தது, அதனால் அந்த ஆளுக்கு எது போயிற்று, எது மிஞ்சியது என்று ஒவ்வொருவரிடமும் பொறுமையாகப் பார்த்தார். மூளைக்கும் மனச்செயல்களுக்கும் உள்ள தொடர்பை ஆராயும் இன்றைய நரம்புளவியலின் அடித்தளத்தில் பெரும்பகுதி அந்தக் காயங்களிலிருந்து கற்றது.

அவர் பயன்படுத்திய சோதனைகளில் ஒன்றை நீங்களே இப்போது செய்து பார்க்கலாம். கையை முட்டியாக மடக்கி மேசைமேல் வையுங்கள். அடுத்து கைவிளிம்பு. அடுத்து உள்ளங்கை. இதையே விடாமல் செய்யுங்கள். நாலைந்து சுற்றுக்குள் கை தானாக ஓடத் தொடங்கிவிடும். மூளையில் அசைவுகளைக் கோத்து ஓட்டும் முன்னியக்கப் பகுதியில் (premotor) காயம்பட்டவருக்கு இது வராது. கையில் வலு இருக்கிறது. மூன்று நிலைகளையும் தனித்தனியாகச் சரியாகக் காட்டுகிறார். வரிசையும் தெரிகிறது. ஆனால் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடத்தில் கை நிற்கிறது. முட்டிக்குப் பிறகு மறுபடி முட்டியே வருகிறது. ஒவ்வோர் அசைவையும் தனியாக முடுக்க வேண்டியிருக்கிறது. இப்படிக் குலைந்துபோகிறதே ஓர் ஓட்டம், அந்த ஓட்டத்தைத்தான் லூரியா கைனெட்டிக் மெலடி என்றார்.

‘அசைவுத்தொடர்’ சொன்ன அம்மாவுக்கு என் தயக்கம் இதுதான்: தொடர், வரிசை எல்லாம் அந்த நோயாளிக்குத் தெரியும். தெரிந்தும் ஓடவில்லை. ‘இசைவு’ என்றால் பொது வாசகருக்குச் சம்மதம் என்ற பொருளே முதலில் வரும். ‘மெல்லிசை’ ஒரு பாட்டுவகை. ‘இயக்கப்பண்’ அழகான சொல். ஆனால் பண் என்பது பல பாடல்களுக்குப் பொதுவான சுர அமைப்பு; ஒரு சுரம் முடிகிற இடத்திலேயே அடுத்தது பிறந்து ஓடுகிற ஓட்டத்தை அது குறிக்கவில்லை. மெட்டு அதைக் குறிக்கிறது.

‘மெட்டு சினிமாச் சொல்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். சினிமாவுக்கு முன்பே நாடகப் பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலைக்கு மேல் ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்று அச்சிடும் வழக்கம் உண்டு. மக்கள் வாயில் இன்றும் புழங்குகிற சொல் என்பது குறையே அல்ல. கலைச்சொல்லுக்கு அதைவிட நல்ல தகுதி கிடையாது.

இந்தச் சொல் எவ்வளவு சுமக்க வேண்டும் என்பதற்கு லூரியாவின் நோயாளி ஸசெத்ஸ்கியின் கதை. 1943 மார்ச்சில் ஸ்மோலென்ஸ்க் பகுதியில் நடந்த சண்டையில் தலையில் குண்டடி பட்ட இளம் அதிகாரி. இடப்பக்க மூளையின் பின்பகுதி சிதைந்தது. எழுத்துகள் அடையாளம் தெரியாமல் போயின. ஒவ்வோர் எழுத்தாக உருவத்தை நினைவுகூர்ந்து எழுதப் பார்த்தார், முடியவில்லை. ஒருநாள் மருத்துவர், எழுத்தெழுத்தாக யோசிக்காதீர்கள், கையைத் தூக்காமல் சொல்லை ஒரே மூச்சில் எழுதுங்கள் என்றார். ‘ரத்தம்’ என்பதற்கான ரஷ்யச் சொல்லை வாயால் சொல்லிக்கொண்டே சட்டென்று எழுதிவிட்டார். எழுதியதை அவரால் படிக்க முடியவில்லை! எழுத்துருவம் அழிந்திருந்தது, கையின் மெட்டு அழியவில்லை. அந்த மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு, 25 ஆண்டுகளில் ஏறத்தாழ 3000 பக்கங்கள் எழுதினார். நரம்பியலில் இதைவிட மனத்தை உலுக்கும் நோயாளிக் குறிப்பை நான் படித்ததில்லை.

இங்கே ‘அசைவுத்தொடர் அழியவில்லை’ என்று போட்டுப் படித்துப் பாருங்கள்.

கிளைச்சொற்களும் எளிதாக அமைகின்றன. குழந்தை கோடு கோடாக எழுதிப் பழகி, பின்னர் கை தானே ஓடுவது ‘மெட்டுக்கட்டு’. காயத்தால் அது உடைவது ‘மெட்டுக்குலைவு’. ‘இயக்கப் பகுதி’, ‘முன்னியக்கப் பகுதி’ என்று ஏற்கெனவே எழுதுகிறோம். ஆகவே முன்னொட்டு ‘இயக்க’ என்றே இருக்கட்டும்.

இதே இழையில் லூரியாவின் ‘ஃபங்ஷனல் சிஸ்டம்’ (பல மூளைப் பகுதிகள் கூடி ஒரு வேலையைச் செய்யும் அமைப்பு) பற்றியும் கேட்டிருந்தார்கள். ‘செயல்மண்டலம்’ வேண்டாம். மண்டலம் என்றதும் ஓர் இடம் மனத்தில் வந்துவிடுகிறது. எழுதுவதற்கு மூளையில் தனி இடம் ஒன்று இருக்கிறது என்ற கருத்தைத்தான் லூரியா மறுத்தார்: ஒலியைப் பிரிப்பது ஒரு பகுதி, உருவத்தை அமைப்பது இன்னொன்று, மெட்டை ஓட்டுவது வேறொன்று, எழுத வேண்டும் என்ற நோக்கத்தைக் காப்பது மூளையின் முன்மடல். எல்லாம் கூடினால்தான் எழுத்து. நரம்பு மண்டலத்தை ‘நரம்புத் தொகுதி’ என்று எழுதும் இலங்கை வழக்கு இதற்குப் பொருந்துகிறது. ‘செயற்றொகுதி’ என்று வைக்கலாம்.

சொற்பட்டியலுக்கு என் வரைவு:

இயக்கமெட்டு: தனித்தனி அசைவுகள் பழக்கத்தால் இணைந்து, ஒன்று அடுத்ததைத் தானே எழுப்பும்படி ஓடும் ஒற்றை ஓட்டம். எ.கா.: முன்னியக்கப் பகுதி பழுதுற்றால் கையெழுத்தின் இயக்கமெட்டு குலைகிறது.

மறுப்பு இருந்தால் இதே எடுத்துக்காட்டு வாக்கியத்தில் உங்கள் சொல்லைப் போட்டு அனுப்புங்கள். ‘பெர்சிவரேஷன்’, அதாவது முட்டியே திரும்பத் திரும்ப வருவது, இன்னும் தீரவில்லை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.