பழைய பெயின்டில் ஈயம் இருக்கிறதா என்று யாரை வைத்துப் பார்ப்பது?

வணக்கம். நாங்கள் இருப்பது பழைய வீடு, ஜன்னல் சட்டங்களில் பெயின்ட் உரிந்து பொடிப்பொடியாகக் கொட்டுகிறது, தவழுகிற குழந்தை வேறு இருக்கிறது, அதனால் ஈயம் இருக்கிறதா என்று முறையாகச் சோதித்துவிட நினைக்கிறோம். சுவரில் வைத்தே எக்ஸ்ரே கதிரால் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி அடியில் உள்ள பழைய பூச்சுகளில் இருக்கும் ஈயத்தையும் காட்டும். இல்லையென்றால் பெயின்ட் சில்லுகளை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எது போதும்?

விசாரித்ததில் ஒருவர், சோதனையும் நானே, சுரண்டுவதும் நானே, உப்புத்தாள் போட்டு ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறார். ஈரப்படுத்தாமல் தேய்த்தால் ஈயத்தூசி வீடு முழுக்கப் பரவுமே! அவர் வேண்டாம்.

முழுதாக நீக்காமல் மேலே பூசி மூடிவிட்டவர்கள் யாராவது உண்டா, அடிக்கடி திறந்து மூடும் ஜன்னலில் அது தாங்குகிறதா? அப்புறம், வேலை முடிந்தபின் தரைத்தூசியைத் துடைத்தெடுத்து மறுபடி சோதித்துக் கொடுத்தார்களா என்பதையும் சொல்லுங்கள்.