‘எப்போது’ என்று கேட்டால் பதில் வராது

அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களுக்கான பகல்நேர மையம் ஒன்றில் நான் சிறப்பாசிரியராக இருந்தபோது நடந்தது இது. அங்கு வந்துகொண்டிருந்த முப்பத்தாறு வயதுப் பெண் ஒருவர், தாய் இறந்தபின் அண்ணன் குடும்பத்துடன் வசித்தார். காகிதப் பை ஒட்டும்போது பசை படாமலிருக்க அவருடைய சுடிதார்க் கையை மடித்துவிட்டேன். முழங்கைக்கு மேலே, தோசைத்திருப்பியின் விளிம்பு அப்படியே பதிந்த கொப்புளம் தெரிந்தது. “நான் தப்பு பண்ணேன் டீச்சர்” என்றார்.

அன்று நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். “அண்ணி சூடு போட்டாங்களா?” என்றேன், “ஆமா.” பதற்றத்தில் “அண்ணனா?” என்றேன், அதற்கும் “ஆமா.” யார் என்ன கேட்டாலும் தலையாட்டியே வளர்ந்தவரிடம் பதிலையும் நாமே எடுத்துக் கொடுத்துவிட்டால், பிறகு எதை நம்புவது? மறுநாள், அன்றைக்குக் காலையில் எழுந்ததிலிருந்து சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டேன். தேதியும் கிழமையும் அவருக்குப் பிடிபடாது. ஆனால் தண்ணீர் லாரி வந்தது, குடம் எடுத்துக்கொண்டு ஓடியது, அடுப்பில் தோசை கருகியது, அண்ணி திருப்பியைக் காய்ச்சியது என்று வரிசை பிசகாமல் சொன்னார். லாரி வந்த நாளைத் தெருவில் விசாரித்துத் தெரிந்துகொண்டோம்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் கணவன் வீட்டுக் கொடுமைக்கு மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே வீட்டில் வாழும் உடன்பிறந்தவர்களுக்கும் அது பொருந்தும். பாதிக்கப்பட்டவர் சார்பில் வேறொருவரும் மனு செய்யலாம். எதிர்மனுதாரர் வயது வந்த ஆணாக இருக்க வேண்டும் என்ற வரம்பை உச்ச நீதிமன்றம் 2016இல் நீக்கிவிட்டதால், அண்ணியையும் சேர்க்க முடிந்தது.

விசாரித்த அலுவலரோ அண்ணனைப் பார்த்து, “இவங்களுக்கு விவரம் புரியுமா?” என்றார். அண்ணனை வெளியே அமரவைக்கச் சொன்ன பிறகே அந்தப் பெண் வாய் திறந்தார். தங்குமிடத்துக்கு அலைந்தது தனிக்கதை. அறிவுசார் குறைபாடு மனநோயன்று என்று விளக்குவதிலேயே ஒரு விடுதியில் அரை நாள் கழிந்தது.

மனுவைப் படித்துக் காட்டி, வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டோம். அண்ணன் மகளை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். எங்களில் ஒருவரும் அதை எழுதியிருக்கவில்லை.